பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ்: பினாங்குத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் சைவக் குடும்பம். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறோம். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் இருப்பது ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். டிசம்பர் பிறந்துவிட்டால் சொந்தக்காரர்களும், என் பிள்ளைகளோடு படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களும் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். போனில் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதி வைக்கிறேன்.

நாம் இந்துக்கள். கிறிஸ்துமஸ் வந்தால் நமக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

கொண்டாடுகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள் என்பதுதான் முதல் காரணம். பக்கத்து வீட்டு அக்கா நவம்பர் கடைசியில் நட்சத்திர விளக்கைக் கட்டினால் அதன் வெளிச்சம் எங்கள் கார் நிற்கும் இடத்திலும் விழுகிறது. என் மகள் பிறந்தபோது முதல் பத்து நாள் எனக்குப் பத்தியச் சமையல் செய்து கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு நல்ல நாள் வந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

பள்ளிக்கூடம் இன்னொரு காரணம். லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட், செயிண்ட் சேவியர் பள்ளி இரண்டுமே 1852இல் தொடங்கியவை. இப்படிப்பட்ட மிஷன் பள்ளிகளில் எத்தனையோ தலைமுறை இந்துப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். என் அம்மாவும் கான்வென்ட்டில் படித்தவர்தான். தேவாரமும் தெரியும், கிறிஸ்துமஸ் கீதங்களும் தெரியும். துணி மடித்துக்கொண்டே இரண்டையும் அடுத்தடுத்துப் பாடுவார்.

அதோடு, அந்தப் பண்டிகையின் நடப்பு நமக்குப் புதிதில்லை. வீடு கழுவுவது, விளக்கு, புதுத்துணி, கோயில், பெரியவர்கள் காலில் விழுவது, பலகாரம். தீபாவளியன்று நாம் செய்வதெல்லாம் அங்கேயும் நடக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வீட்டில் இது இன்னும் நெருக்கம். ஒரு வருடம் அந்த அக்கா, இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைக்கும் குடிலுக்காகப் பிளாஸ்டிக் மூடியில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்திருந்தார். பத்து நாளில் பச்சைப் பசேல் என்று வளர்ந்து நின்றது. “முளைப்பாரி மாதிரியே இருக்கே அக்கா” என்றேன். “எங்க அம்மாச்சி ஊர்ல அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுத்தவங்கதானே” என்றார்.

புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயிலுக்கு இந்துக்கள் இவ்வளவு பேர் போகிறார்களே, அது சரியா?

நாம் பேச்சில் மாதா கோயில் என்றாலும், அது மாதாவின் தாயாரான புனித அன்னாளின் ஆலயம். திருவிழா ஜூலை 26. அதை ஒட்டிய நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். பேருந்துகளிலிருந்து இறங்குகிறவர்களில் பொட்டு வைத்த பெண்களும் ஊதுபத்தி பிடித்துப் பழகிய சீனப் பாட்டிகளும் உண்டு. தமிழ், மாண்டரின், ஆங்கிலம், மலாய் என்று எல்லா மொழியிலும் பூசை நடக்கும். குன்றின் பக்கம் 1888இல் கட்டிய பழைய கோயில் இருக்கிறது. இப்போதைய பெரிய கோயில் 2002இல் எழுந்தது. 2019இல் வத்திக்கான் அதை ‘மைனர் பசிலிக்கா’ என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்த்தியது.

நம் பெண்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்றால், அன்னாளின் கதை அப்படி. அவரும் கணவர் சுவக்கீனும் நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் வருந்தினார்கள், வயதான பிறகு மரியாள் பிறந்தார் என்பது கிறிஸ்தவ மரபு. பைபிளில் இந்தக் கதை இல்லை. பழைய மரபு நூல்களில் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு அலைந்த ஒருத்திக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் சித்தி ஏழு வருடம் தண்ணீர்மலை முருகனிடமும் வேண்டினார், அன்னாளிடமும் மெழுகுவர்த்தி ஏற்றினார். பிள்ளை பிறந்ததும் இரண்டு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார். யார் கொடுத்தது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நானும் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நம்மவர்கள் போவதும் இப்படித்தான். அந்தப் பழக்கம் கப்பலேறி இங்கும் வந்தது. ஜார்ஜ் டவுன் சூலியா ஸ்ட்ரீட்டில் நாகூர் தர்கா இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித்தேர் போகும் வழியில் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைக்கிறார்கள், காவடியும் எடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ‘நீ இந்துவா’ என்று நாம் கேட்பதில்லை. முருகனுக்குத்தானே என்று வழிவிடுகிறோம்.

பூசையில் எல்லோரும் வரிசையாகப் போய் அப்பம் வாங்குகிறார்கள். நாமும் வாங்கலாமா?

வாங்கக் கூடாது. இதை மட்டும் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்வேன். அது பிரசாதம் இல்லை. கத்தோலிக்கர்களுக்கு நற்கருணை என்பது கிறிஸ்துவின் உடலே. திருமுழுக்குப் பெற்று, முறைப்படி தயார் செய்துகொண்ட கத்தோலிக்கர்கள்தான் வாங்குவார்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்களே என்று கையை நீட்டுவது, நம் கோயிலில் ஒருவர் கர்ப்பகிரகத்துக்குள் செருப்போடு ஏறுவது மாதிரி. தெரியாமல் செய்தவரை யாரும் திட்ட மாட்டார்கள். தெரிந்த பிறகு செய்யக் கூடாது.

இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். மற்றவர்கள் போக முழங்காலை ஒதுக்கிக் கொடுத்தால் போதும். பல கோயில்களில், இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு போனால் சாமியார் ஆசீர்வாதம் மட்டும் தருவார். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கும் பூ வைப்பதற்கும் ஒரு தடையும் இல்லை.

வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கலாமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

வைக்கலாம். பைபிளில் மரம் இல்லை. ஜெர்மானிய மொழி பேசும் ஊர்களில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் வேர்விட்ட வழக்கம் அது. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதைப் பார்த்துதான் இங்கிலாந்து வீடுகளில் மரம் பரவியது. கிறிஸ்தவர்களிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் வேண்டாம் என்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியை ஆண்ட பியூரிட்டன்கள் 1659இல் அதைத் தடை செய்து, கொண்டாடினால் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். அந்தத் தடை 1681இல்தான் நீங்கியது. டிசம்பர் 25 என்ற தேதிகூட பைபிளில் கிடையாது. ரோமில் 4ஆம் நூற்றாண்டில் நிலைத்தது.

மரமும் விளக்கும் வழக்கம். குடில் அப்படியில்லை. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோ என்ற ஊரில், மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, இயேசு பிறந்த காட்சியை மக்கள் கண்முன் வைத்தார். இன்றைய குடில்கள் அங்கிருந்து பரவியவை. அது வழிபாட்டிலிருந்து வந்தது. அதனால் என் வீட்டில் மரம் உண்டு, குடில் கிடையாது. குடில் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறோம். 24ஆம் தேதி இரவு வரை தொட்டில் காலியாகவே இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகுதான் அக்கா குழந்தை இயேசுவை அதில் வைப்பார். அதைப் பார்ப்பதற்காகவே என் பிள்ளைகள் தூங்காமல் இருப்பார்கள். நானே ஒரு குடிலைப் பிளாசாவில் வாங்கி வந்து டிவி பக்கத்தில் வைத்திருந்தால் இந்தக் காத்திருப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

நாம் அவர்கள் கேக்கைச் சாப்பிடுகிறோம். அவர்களில் சிலர் நம் பிரசாதத்தை வாங்க மறுக்கிறார்களே?

இந்தக் கேள்வியில் உள்ள வலி எனக்குத் தெரியும். கொடுத்ததை ஒருவர் திருப்பிக் கொடுத்தால் கை கூசும்.

ஆனால் அந்த மறுப்புக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. உருவங்களுக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்று, கிறிஸ்தவத்தின் தொடக்க காலப் போதகரான பவுல் காலத்துக் கிறிஸ்தவர்களே குழம்பியிருக்கிறார்கள். கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் இதைப் பற்றி நீளமாகவே பேசுகிறார். இன்றைக்கும் சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் மாட்டார்கள். மறுக்கிறவர் உங்களை மறுக்கவில்லை. தன் நம்பிக்கைக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறார். நாம் விரத நாளில் கோழிக்கறியை மறுப்பதில்லையா?

என் மாமியார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தீபாவளிப் பலகாரம் சுட்டு முடித்ததும், படையலுக்கு எடுப்பதற்கு முன்பே, ஒரு பெரிய டின்னில் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார். கிறிஸ்தவ வீடுகளுக்கும் மலாய்க்கார வீடுகளுக்கும் அந்த டின்னிலிருந்துதான் போகும். “இது படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது” என்று சொல்லியே கொடுப்பார். வாங்குகிறவர் கேட்கவே வேண்டியதில்லை. அதே டின் இன்றும் என் அடுக்களையில் இருக்கிறது. மூடியில் துருப்பிடித்துவிட்டது, மாற்ற மனமில்லை.

வகுப்பில் என் பிள்ளை மட்டும் வித்தியாசமாக இருக்கிறான். திருநீறு வைக்க வெட்கப்படுகிறான். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

என் மகன் சீனப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அவன் வகுப்பில் மூன்றே இந்தியப் பிள்ளைகள். காலையில் நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவேன். துணி துவைக்கும்போது அவனுடைய வெள்ளைச் சட்டையின் வலது கைப்பக்கத்தில் தினமும் ஒரு சாம்பல் கறை. முதலில் பென்சில் கறை என்று நினைத்தேன். மூன்றாவது வாரம்தான் புரிந்தது. பள்ளி கேட்டுக்குள் போனதும் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்திருக்கிறான். விசாரித்தால், பிள்ளைகள் ‘அழுக்கு’ என்றிருக்கிறார்கள். விவரம் தெரியாத ஓர் ஆசிரியர் போய் முகம் கழுவிட்டு வா என்றும் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவனைத் திட்டவில்லை. ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசினேன். அவர் உண்மையிலேயே வருந்தினார். ஆனாலும் மகன் துடைப்பதை நிறுத்தவில்லை. நான் சொன்ன விளக்கம் எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

அடுத்த பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டு அக்கா காலைப் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட் கொடுக்க வந்தார். நெற்றியில் சாம்பலால் ஒரு சிலுவை. அன்று சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். முந்தின வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு ஆசீர்வதித்த ஓலைகளை எரித்து அந்தச் சாம்பலை எடுப்பார்கள். மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆன்ட்டி, நீங்களும் திருநீறு வைப்பீங்களா?”

“இது எங்க சாம்பல்டா. மனுஷன் மண்ணுன்னு ஞாபகம் வச்சுக்கறதுக்கு.”

“மார்க்கெட்டுக்கு இப்படியே போவீங்களா?”

“போவேனே. ஆபீசுக்கும் இப்படியேதான்.”

“யாராவது அழுக்குன்னு சொன்னா?”

“போன வருஷம் ஒரு சீன அம்மா டிஷ்யூ எடுத்து நீட்டினாங்க. இது எங்க கோயில் சாம்பல்னு சொன்னேன். ஓ, அப்படியான்னு டிஷ்யூவை உள்ள வச்சுக்கிட்டாங்க.”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் சட்டைக் கையில் கறை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் இல்லை.

வேறு யாராவது கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வித்தியாசமாக இருப்பதைப் பற்றி வீட்டில் நாம் எவ்வளவு பேசினாலும், இன்னொருவர் தன் வித்தியாசத்தோடு சாதாரணமாக மார்க்கெட்டுக்குப் போய்வருவதைப் பிள்ளை பார்த்துவிட்டால் அது வேறு. அதற்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். நாமும் உள்ளே போய்வர வேண்டும்.

இப்படிப் போய்வந்தால் பிள்ளைகள் மதம் மாறிவிட மாட்டார்களா?

பயம் நியாயமானது. அதைக் கேலி செய்பவர்களோடு நான் சேர மாட்டேன். கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிடுவதும், கஷ்டத்தில் இருக்கிற குடும்பத்தைக் குறிவைத்து ‘உங்கள் சாமி கைவிட்டுவிட்டார்’ என்று பேசுவதும் ஒன்றில்லை. இரண்டாவதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். யாராவது அப்படிப் பேசினால், “எங்களுக்கு எங்கள் சாமி போதும், நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் தேவார வகுப்புக்கு ஒரு நாள் கூடப் போகாத பிள்ளை, தைப்பூசம் எதற்கு என்று கேட்டால் ‘லீவு’ என்று சொல்கிற பிள்ளை, பக்கத்து வீட்டுக் கேக்கால் தடம் மாறுவதில்லை. நம் வீட்டிலேயே அந்த இடம் காலியாக இருந்ததுதான் காரணம். பிள்ளையைக் கூட்டிப்போகும்போது நான் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: “இது அவங்க பண்டிகை. நாம விருந்தாளி.” ‘எல்லா சாமியும் ஒண்ணுதான்’ என்று சொல்லி முடித்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. அக்காவின் நம்பிக்கையும் என் நம்பிக்கையும் வேறு வேறு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துதான் இருபது வருடமாகத் தட்டு போகிறது, வருகிறது.

கிறிஸ்துமஸ் தவிர அவர்களுடைய மற்ற நாட்களுக்கும் போக வேண்டுமா?

போனால் நல்லது. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மலேசியாவில் கிறிஸ்துமஸ் எல்லா மாநிலத்திலும் விடுமுறை. புனித வெள்ளிக்கு சபா, சரவாக்கில் மட்டும்தான் விடுமுறை. பினாங்கில் கிடையாது. அக்கா ஒவ்வொரு வருடமும் தன் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை அதற்கு எடுக்கிறார். பத்துப் பதினைந்து வருடம் அவர் வீட்டுக் கேக்கைச் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது. வெட்கமாக இருந்தது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு. இருவருமே சிறுபான்மைதான். அவரவர் முக்கியமான நாளுக்கு லீவு கேட்டு நிற்பது எப்படி என்று நமக்கும் தெரியும். தீபாவளிக்கு சரவாக்கில் விடுமுறை இல்லை. அங்கே வேலை பார்க்கிற என் தம்பியைக் கேட்டால் சொல்வான்.

அதன் பிறகு ஒரு புனித வெள்ளிக்கு நான் மதியச் சமையலை முடித்து அவர் வீட்டுக்குக் கஞ்சியும் துவையலும் கொண்டுபோனேன். அன்று அவர்கள் கறி இல்லாமல் ஒரு வேளைதான் நிறைவாகச் சாப்பிடுவார்கள். வீட்டில் ரேடியோ ஓடவில்லை. பிள்ளைகள்கூட மெதுவாகப் பேசினார்கள். கிறிஸ்துமஸில் பார்த்த வீடா இது என்று இருந்தது.

விருந்தில் மாட்டிறைச்சி இருந்தால்?

கேட்டுவிடுங்கள். “அண்ணி, இதுல என்ன கறி?” என்று கேட்பதில் தப்பில்லை. நிறையத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இந்து விருந்தாளிகளுக்காக மாட்டிறைச்சி சமைப்பதே இல்லை. முஸ்லிம் நண்பர்களையும் கூப்பிட்டிருந்தால் ஹலால் கடைச் சாப்பாடு, தனித் தட்டு, தனிக் கரண்டி என்று ஏற்பாடு செய்வார்கள். பண்டிகைக்கு எல்லோரையும் வீட்டுக்கு வரவேற்கும் திறந்த இல்ல உபசரிப்பில் இதெல்லாம் இந்த நாட்டில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

கிறிஸ்துமஸ் என்பதே ஷாப்பிங் பிளாசா வியாபாரம்தானே?

வியாபாரம் உண்டு. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஆனால் 1974இல் கேஎஃப்சி நாடு முழுக்கச் செய்த விளம்பரத்துக்குப் பிறகு, கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கோழி சாப்பிடுவது அங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. கர்னி பிளாசா மரத்துக்கு முன் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுங்கள். அது ஓர் அழகு. பிறகு தெரிந்த ஒருவர் வீட்டுக்கும் கூட்டிப்போங்கள்.

எனக்குப் போகப் பிடிக்கவில்லை. நான் குறுகிய மனம் கொண்டவளா?

இல்லை. என் பெரியம்மா எந்தத் தேவாலயத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. கிறிஸ்துமஸ் காலையில் கேட்டுக்கு வெளியே நின்று “நல்லாயிரும்மா” என்று சொல்லி, பழத் தட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அக்கா வீட்டில் ஒருவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கலந்துகொள்வதை ஒரு பரீட்சையாக ஆக்கிவிடக் கூடாது. வராதவரை மட்டம் தட்டிவிட்டு நல்லிணக்கம் பேசுவது எனக்கு ஒப்பாது.

முதல் தடவை போகிறோம். என்ன எடுத்துப் போவது?

பழம், முறுக்கு, பிஸ்கட் டின் எதுவும் போதும். நேற்றுப் படைத்ததைக் கொண்டுபோகாதீர்கள். “கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்” என்று தமிழிலேயே சொல்லுங்கள். உங்கள் தட்டு வெறுமையாகத் திரும்பாது. நம் வீடுகளில் போலவே கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

நான் அச்சு முறுக்கு கொண்டுபோவேன். அச்சு அக்காவுடையது, கனமான பித்தளை. தீபாவளிக்கு நான் வாங்கிச் சுடுவேன், கிறிஸ்துமஸுக்கு அவர் சுடுவார். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. இந்தத் தீபாவளிக்கு வாங்கியது இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன், இந்த வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.